உயிர் அறிவியல் பூங்காவின் இயக்குநர் குழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஆய்வக இடத்தை வாடகைக்குத் தரும் உயிர் அறிவியல் தொழிற்பூங்காக்களின் இயக்குநர் குழுவைப் பற்றியவை. கேள்வி அனுப்புவோர் தங்கள் பூங்கா பப்ளிக் லிமிடெடா, பிரைவேட் லிமிடெடா, லாப நோக்கற்ற பிரிவு 8 கம்பெனியா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதாத கடிதங்களை இம்முறையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: தரமணியில் உள்ள டைசல் உயிரியல் பூங்கா அரசு நிறுவனம்தானே? அப்படியானால் இயக்குநர்கள் அனைவரையும் அரசே நியமிக்குமா? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: தமிழ்நாட்டில் உயிரியல் பூங்கா என்றால் புலியும் சிங்கமும் உள்ள வண்டலூரைத்தான் நினைப்பார்கள், ஆகவே டைசலை உயிர் அறிவியல் பூங்கா என்றே எழுதிப் பழகுங்கள். அது மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முன்னின்று உருவாக்கிய கம்பெனி. அரசு பங்கு வைத்திருப்பது வேறு, சட்டம் சொல்லும் அரசுக் கம்பெனி என்பது வேறு. செலுத்தப்பட்ட மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் கையில் இருக்க வேண்டும். அல்லது அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் துணைக் கம்பெனியாக இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் வந்தால் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். எந்தப் பூங்காவானாலும் பங்கு விவரம் அதன் ஆண்டு விவர அறிக்கையில் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். இயக்குநர்களைப் பொறுத்தவரை, பொதுக்குழுவில் பங்குதாரர்கள் தேர்ந்தெடுப்போரும், சங்க விதிகளின்படி (கம்பெனியின் உள் நிர்வாக விதிகள்) நியமனமாகி வருவோரும் கலந்தே இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் பூங்கா லாப நோக்கற்ற பிரிவு 8 கம்பெனி. ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் கட்டாயமா? (ஐதராபாத்)

பதில்: கட்டாயமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஆனால் நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு விவரத்தையும் உரிய காலத்தில் தாக்கல் செய்யும் கம்பெனிக்கு மட்டுமே இந்தச் சலுகை. உங்கள் ஊர்ப்பக்கம் ஜீனோம் பள்ளத்தாக்கில் 1999இல் தொடங்கிய ஐகேபி நாலெட்ஜ் பார்க்கும் இவ்வகைக் கம்பெனிதான். அன்று இவ்வகைக்குப் பழைய கம்பெனிகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஆயினும் இரவு பகலாக ஆய்வகம் ஓடும் ஒரு வளாகத்துக்கு ஆறு மாத இடைவெளி அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் பப்ளிக் லிமிடெட் பூங்காவின் குழுவில் மாநிலத் துறை ஒன்றின் அதிகாரியும் நிதி நிறுவனம் ஒன்றின் அதிகாரியும் நியமன இயக்குநர்கள். எதைக் கேட்டாலும் "அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார்கள். இது சரியா? (கம்பெனி செயலர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: சரியில்லை. முப்பது ஆண்டுகளாக நான் புலம்பிவரும் விஷயம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நியமன இயக்குநரை அனுப்பியவர் யாராக இருந்தாலும், நாற்காலியில் அமர்ந்த கணத்திலிருந்து அவருடைய கடமை கம்பெனிக்கே உரியது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 166ஆம் பிரிவு, உரிய கவனத்தோடும் தன் சொந்த முடிவின்படியும் செயல்பட வேண்டும் என்று இயக்குநர் ஒவ்வொருவருக்கும் சொல்கிறது. நியமன இயக்குநருக்கு அதில் விலக்கு இல்லை. மீறினால் ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். துறையின் கொள்கை என்ன என்று கேட்டறிவதில் தவறில்லை. நிகழ்ச்சி நிரல் ஏழு நாள் முன்பே கையில் வந்துவிடுகிறதே, அந்த ஏழு நாளில் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்துக்கு வந்து உறையைப் பிரித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்பவர் இயக்குநர் அல்லர், தபால்காரர்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில் நான் கம்பெனி செயலராக இருந்தபோது, பழைய ஜெனரேட்டர்களை மாற்ற ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய்க்கான தீர்மானம் வந்தது. மூன்று கூட்டங்களில் அது தள்ளிப்போயிற்று. அதற்குள் நியமன இயக்குநர் இருமுறை மாறிவிட்டார், புதியவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. மே மாதத்து இரவு ஒன்றில் மின்சாரம் போனது, இரண்டாவது ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மூன்றாம் மாடி ஆய்வகத்தில் மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய ஃப்ரீசரின் முகப்பில் எண் மைனஸ் 71 ஆகி, மைனஸ் 64 ஆகி ஏறிக்கொண்டிருக்க, லிஃப்ட் இல்லாமல் இரண்டு ஆய்வு மாணவிகள் உலர் பனிக்கட்டியைத் தெர்மகோல் பெட்டிகளில் சுமந்து படியேறியதை நான் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மாதிரிகளில் பாதிக்கு மேல் வீணாயின. அந்த மூன்று கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பிலும் "ஒத்திவைக்கப்பட்டது" என்ற ஒரே சொல்தான் இருந்தது. யார் கேட்டு ஒத்திவைத்தது என்று எழுதவில்லை. அதை எழுதாதது என் தவறு. அன்றிலிருந்துதான், எதையும் எழுத்தில் வையுங்கள் என்று எல்லோரையும் தொந்தரவு செய்துவருகிறேன்.

நியமன இயக்குநர்கள் கவனிக்காத இன்னும் இரண்டு உண்டு. அன்றாடச் செயல் பொறுப்பில்லாத இயக்குநர் கம்பெனியின் தவறுகளுக்குப் பொறுப்பாகாதபடி 149ஆம் பிரிவின் 12ஆம் உட்பிரிவு பாதுகாப்புத் தருவது உண்மைதான். ஆனால் குழுவின் நடைமுறை வழியே அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்துடனோ அக்கறைக் குறைவாலோ நேர்ந்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூட்டத்தில் பேசாமல் இருந்தேன் என்பது சமாதானம் ஆகாது. மற்றொன்று, இயக்குநர் அடையாள எண் ஆளுக்கு உரியது, பதவிக்கு உரியது அன்று. இடமாற்றம் ஆன அதிகாரி, விலகலோ நியமன ரத்தோ முறைப்படி நடக்கும்வரை ஏட்டில் இயக்குநராகவே இருப்பார். அது நடந்த 30 நாளுக்குள், இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர் 12 படிவம் கம்பெனிப் பதிவாளருக்குப் போயாக வேண்டும். வேறு மாவட்டத்துக்குப் போய் இரண்டாண்டு கழித்து இந்தக் கம்பெனியின் பெயரில் நோட்டீஸ் பெற்றவர்களை நான் அறிவேன்.

கேள்வி: நியமன இயக்குநரைச் சார்பற்ற இயக்குநராக (இண்டிபெண்டன்ட் டைரக்டர்) கணக்கில் காட்டலாமா?

பதில்: காட்டக்கூடாது. சட்டத்தின் விளக்கமே நியமன இயக்குநரை விலக்கிவிடுகிறது.

கேள்வி: நான் பூங்காவில் இடம் எடுத்திருக்கும் நிறுவனத்தின் நிறுவனர், பூங்காவின் குழுவிலும் இருக்கிறேன். வாடகைக் குறைப்புத் தீர்மானத்தில் வாக்களித்தால் என்ன தவறு? எல்லா வாடகைதாரருக்கும்தானே நன்மை? (பெங்களூரு)

பதில்: கம்பெனி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, தீர்மானம் எல்லோருக்கும் பொதுவானதா, உங்கள் குத்தகைக்கு மட்டுமா என்பதும் புரியவில்லை. பப்ளிக் லிமிடெட் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தமானால், 184ஆம் பிரிவின்படி உங்கள் ஈடுபாட்டை வெளிப்படுத்திவிட்டு அந்த விவாதத்தில் கலந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கான குறைந்தபட்ச வருகைக் கணக்கிலும் (கோரம்) உங்களை எண்ணக்கூடாது. மீறினால் பதவியே போகும். பிரைவேட் லிமிடெடில் வெளிப்படுத்திய பின் கலந்துகொள்ளச் சலுகை உண்டு. பொதுவான குறைப்பானாலும், ஏழெட்டு வாடகைதாரரில் நீங்கள் ஒருவராக இருக்கும்போது, எழுந்து வெளியே போவதே அழகு. போனதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகைதாரர் ஒருவர் மரபணு மாற்றிய நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆய்வு செய்ய விரும்புகிறார். பூங்காவின் இயக்குநர் குழு அனுமதி தரலாமா?

பதில்: தர உங்கள் குழுவுக்கு அதிகாரமும் இல்லை, அறிவும் இல்லை. மரபணு மாற்றிய உயிரிகள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த நிறுவனமே உயிர்ப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் துறையின் நியமன உறுப்பினர் ஒருவரும் அதில் இருப்பார். ஆபத்தின் அளவைப் பொறுத்து மேல்மட்டக் குழுக்களுக்கும் போக வேண்டியிருக்கும். காற்றோட்டம், கழிவுநீர், தீயணைப்பு, மாற்று மின்சாரம் ஆகியவையே பூங்காக் குழுவின் பொறுப்பு. விதிமீறல் நேர்ந்தால் ஆய்வகத்தை மூடச் சொல்லும் உரிமையையும் குத்தகைப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வையுங்கள். உயிரி மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதையும் அதே பத்திரத்தில் சேருங்கள்.

கேள்வி: அறிவியல் ஆலோசனைக் குழு உறுப்பினர்களும் இயக்குநர்கள்தானா?

பதில்: இல்லை. அவர்கள் ஆலோசனை சொல்வார்கள், வாக்கு கிடையாது. பெயர்ப்பலகையில் "போர்டு மெம்பர்" என்று அச்சடித்துக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருப்பதால் ஓராண்டாக எந்தக் கூட்டத்துக்கும் வர முடியவில்லை. ஒவ்வொரு முறையும் விடுப்புக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதவி நீடிக்குமா?

பதில்: நீடிக்காது. பன்னிரண்டு மாதத்தில் நடந்த எல்லாக் கூட்டங்களுக்கும் வராதவரின் இடம், விடுப்புக் கேட்டிருந்தாலும் காலியாகிவிடும். காணொளி வழியாக ஒரே ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

கேள்வி: புதிய கட்டடத்துக்கு வங்கியில் ரூ. 40 கோடி கடன். கூட்டம் கூட்ட நேரமில்லை, சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கலாமா?

பதில்: கூடாது. பிரிவு 8 கம்பெனியாக இல்லாவிட்டால், கடன் வாங்கும் தீர்மானம் கூட்டத்தில்தான் நிறைவேற வேண்டும். நாற்பது கோடிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத இயக்குநர்களை வங்கி எப்படி நம்பும் என்று எனக்குத் தெரியவில்லை.