தலையில் அடிபட்டவருக்கு மூளையைக் காக்கும் மருந்து உண்டா? டாக்டரிடம் கேட்டவை

கே: அப்பா பைக்கிலிருந்து விழுந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். மூளையைக் காக்கும் என்று மூன்று மாதத்துக்கு சிட்டிகோலின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் தேறுவாரா டாக்டர்?

ப: தேறுவார், ஆனால் அந்த மாத்திரையால் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 1,213 பேரிடம் 90 நாள் கொடுத்துப் பார்த்த கோப்ரிட் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். அடுத்த முறை போகும்போது கேட்டுப் பாருங்கள். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கே: எலிக்கு வேலை செய்யும் மருந்து மனிதருக்கு ஏன் பலிப்பதில்லை?

ப: இப்படிக் கேளுங்கள்! ஆய்வகத்தில் ஒரே வயது எலிகள், அளந்து வைத்த அடி, உடனே ஊசி. நம்மிடம் வருபவர்களில் ஒருவருக்கு ரத்தக்கட்டு, இன்னொருவருக்கு நரம்பிழைகள் அறுந்திருக்கும், மூன்றாமவர் வழியிலேயே மூச்சுத்திணறி ஆக்சிஜன் குறைந்து வந்திருப்பார், எல்லாருக்கும் 'தலைக்காயம்' என்று ஒரே பெயர் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் எலிகளிடம் பிரமாதம், சிறு மனித ஆய்வுகளிலும் நம்பிக்கை தந்தது. 2014-இல் 882 பேரிடமும் 1,195 பேரிடமும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன, பலன் ஒன்றுமில்லை.

கே: என் மாமாவுக்கு அந்தக் காலத்தில் ஸ்டீராய்டு போட்டுத்தான் பிழைக்க வைத்தார்கள்.

ப: மாமா பிழைத்ததில் சந்தோஷம். ஸ்டீராய்டு போடாமலும் பலர் பிழைத்திருக்கிறார்கள். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போட்டுப் பார்த்த கிராஷ் ஆய்வில் 10,008 பேர். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், வெற்று மருந்து பக்கம் 17.9. இருபதாயிரம் பேரைச் சேர்க்க நினைத்தவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கே: (அதே நபர்) மூளைக்கட்டிக்கு இன்றும் கொடுக்கிறீர்களே? வெளிநாட்டு ஆய்வு நமக்கு எதற்கு?

ப: கட்டியைச் சுற்றி வரும் வீக்கம் வேறு, அடிபட்ட வீக்கம் வேறு. ஆய்வு நடந்தது 49 நாடுகளில், ஐயா. மாமாவை இதோடு விடுங்கள்.

கே: அப்படியானால் எதுதான் உதவும்?

ப: டிரானெக்ஸாமிக் ஆசிட் கொஞ்சம். அது மூளைச் செல்லைக் காப்பதில்லை, ரத்தக்கசிவு பெருகாமல் பார்க்கிறது. 2019-இல் வந்த கிராஷ்-3 ஆய்வில் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டபோது, லேசான, நடுத்தரக் காயக்காரர்களிடம் சாவு குறைந்தது. படுமோசமாக அடிபட்டவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மருந்துக்கடையில் நின்று நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

கே: சிட்டிகோலினோடு பிராசிட்டம் மாத்திரையும் சேர்த்தால்?

ப: முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

கே: குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், தூங்கி வழிகிறாள். என்ன சிரப் தரலாம்?

ப: சிரப் எதுவும் வேண்டாம். சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இப்போதே கிளம்புங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.