கணினி கேள்வி-பதில்: ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போய்விட்டதே!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறியபின் கை தடுமாறுகிறது என்று எழுதியவர்களுக்கு இந்த இதழில் பதில்.

திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் பட்டன் நடுவில் நிற்கிறது. ரைட் கிளிக் செய்தால் காப்பி, பேஸ்ட் காணோம். நாலு ஃபைல் திறந்தால் நாலும் ஒரே ஐகானுக்குள் போய்விடுகின்றன. ஆள் காத்திருக்கும்போது கை ஓடவில்லை. பழையபடி ஆக்க முடியுமா?

முக்கால்வாசி முடியும். திரையின் அடியில் ஐகான்கள் நிற்கும் பட்டையான டாஸ்க்பாரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போங்கள். கடைசியில் இருக்கும் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியைத் திறந்து, 'அலைன்மென்ட்' என்ற இடத்தில் 'லெஃப்ட்' வையுங்கள். ரீஸ்டார்ட் தேவையில்லை. கடையில் வேலை செய்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்துவிடுவது நல்லது. நடுவில் இருக்கும்வரை, புதிதாக ஒரு புரோகிராம் திறக்கும்போதெல்லாம் ஐகான் வரிசை நீண்டு, ஸ்டார்ட் பட்டன் கொஞ்சம் இடப்பக்கம் நகரும். நிலையாக ஓர் இடத்தில் இல்லாத பட்டன் கைக்குப் பழகாது.

அதே பகுதியில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை 'நெவர்' ஆக்கினால் நாலு ஃபைலும் பெயரோடு தனித்தனியாக நிற்கும். 2023-ல் வந்த அப்டேட்டில்தான் இந்த வசதி திரும்பி வந்தது. உங்களுக்குத் தெரியவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள்.

காப்பி, பேஸ்ட் எங்கும் போகவில்லை, படமாகிவிட்டன. மெனுவில் ஒரு வரிசையாகச் சின்னங்கள் இருக்கும்: கத்தரிக்கோல் கட், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தாள் காப்பி, குப்பைத்தொட்டி டெலீட். புதிய பதிப்புகளில் கீழே பெயரும் வருகிறது. இந்த வரிசை சில நேரம் மெனுவின் மேலே வரும், சில நேரம் அடியில் வரும். திரையின் கீழ்ப்பகுதியில் கிளிக் செய்தால் மெனு மேல்நோக்கி விரியும். அப்போது வரிசை மவுஸுக்குப் பக்கத்தில் இருக்கும்படி அடிக்கு வந்துவிடும். கண் ஏமாறுவது இதனால்தான். பழைய மெனுவே வேண்டுமென்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், முழுசாக வரும். பெயர் மாற்ற எஃப்2, காப்பிக்கு கன்ட்ரோல்-சி, பேஸ்டுக்கு கன்ட்ரோல்-வி. இவை மூன்றும் எந்த விண்டோஸிலும் மாறவில்லை.

பழைய தோற்றத்தைத் தருவதாகச் சொல்லும் வெளி மென்பொருள்களைக் கடைக் கணினியில் போடாதீர்கள். பெரிய அப்டேட் வந்த மறுநாள் டாஸ்க்பாரே வராமல் போவதுண்டு. வியாபார நேரத்தில் அந்தத் தலைவலி வேண்டாம்.

மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகைக்கான பழைய தமிழ் ஃபான்ட்களைப் புதிய கணினியில் போட்டேன். வேர்டில் வருகின்றன, பழைய டிசைன் புரோகிராமில் இல்லை.

பெரும்பாலும் காரணம் இதுதான்: ஃபான்டை டபுள் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால், அது உங்கள் யூசர் கணக்குக்குள் மட்டும் சேரும். பழைய புரோகிராம்கள் பலவும் சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டுமே பார்க்கும். செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ் போய், போட்டதை நீக்கிவிடுங்கள். ஃபான்ட் ஃபைல்கள் ஜிப்பில் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்ட்டோடு ரைட் கிளிக் செய்தால் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' இருக்கும். அதைக் கொடுங்கள், அட்மின் அனுமதி கேட்கும். டிசைன் புரோகிராமை மூடித் திறந்தால் பட்டியலில் வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. அவற்றில் அடிக்கும்போது விண்டோஸின் கீபோர்டு ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும். தமிழ் 99 கீபோர்டு அமைப்பில் மாட்டிக்கொண்டிருந்தால் கட்டமோ கேள்விக்குறியோ விழும். வலது கீழ்மூலையில் 'இ என் ஜி' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்குங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்ந்தால் மொழி மாறும்.

லாஸ்பேட்டையில் கல்லூரி மாணவி. பிரெஞ்சுப் பாடம் அடிக்க அந்த மொழியைச் சேர்த்தேன். இப்போது ஏ அடித்தால் கியூ விழுகிறது. பாஸ்வேர்டு தவறு என்கிறது.

பிரெஞ்சு மொழியைச் சேர்த்தால் கூடவே பிரான்ஸில் புழங்கும் கீபோர்டு அமைப்பும் வந்துவிடும். அதில் ஏ-யும் கியூ-வும், டபிள்யூ-வும் இசட்டும் இடம் மாறியிருக்கும். எம், எல்-லுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். உங்கள் பாஸ்வேர்டில் எண் இருந்தால் அதனாலேயே தவறும். லாகின் திரையிலும் விண்டோஸ் கீ-ஸ்பேஸ்பார் வேலை செய்யும், அங்கேயே ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

உள்ளே வந்ததும் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய், பிரெஞ்சுக்கு எதிரே மூன்று புள்ளி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்'. அங்கே 'யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல்' கீபோர்டைச் சேர்த்துவிட்டு, பிரெஞ்சு கீபோர்டை நீக்குங்கள். மொழி அப்படியே இருக்கட்டும். இனி எழுத்துகள் நம் கீபோர்டில் அச்சிட்டபடியே விழும். ஒற்றை மேற்கோள் கீயைத் தட்டிவிட்டு இ தட்டினால் மேலே சாய்கோட்டோடு வரும். அதே மேற்கோள் கீயைத் தட்டிவிட்டு சி தட்டினால் வாலோடு வரும். ஷிஃப்ட்-6 தட்டிவிட்டு இ தட்டினால் தொப்பி. வெறும் மேற்கோள் வேண்டுமென்றால் அதைத் தட்டியபின் ஸ்பேஸ்பாரைத் தட்டவேண்டும். தட்டியதும் ஒன்றும் விழவில்லையே என்று கீபோர்டைச் சந்தேகப்பட வேண்டாம்.

பண்ருட்டி முந்திரி மண்டியில் பில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வரவேண்டும். அடிக்கடி லேசருக்குப் போய்விடுகிறது.

செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ். 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' ஆனில் இருக்கும். அது கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே முதன்மையாக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு, டாட் மேட்ரிக்ஸைத் திறந்து 'செட் ஆஸ் டீஃபால்ட்' கொடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமா?

பழையதன் மேலேயே அப்கிரேட் செய்திருந்தால், 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் 'கோ பேக்' இருக்கும். உங்கள் ஃபைல்கள் இருக்கும் என்றாலும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மாறியபின் போட்ட புரோகிராம்கள் போய்விடும். அதற்குள் இடம் காலி செய்கிறேன் என்று 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' ஃபைல்களை அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை. திரும்பினாலும், வீட்டுக் கணினிகளுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதற்கும் தனியாகப் பதிவு செய்துகொள்ளவேண்டும்.