மகள் சிஸ்டராகப் போகிறேன் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

"டீச்சராவாள் என்றுதான் படிக்க வைத்தோம், இப்போது மடத்துக்குப் போகிறேன் என்கிறாளே" என்று எழுதியிருக்கிறீர்கள். கொழுந்துக் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற தேயிலைத் தோட்டத்தில் நின்று ஒரு பிள்ளையை உயர்தரம் வரை கொண்டுவந்தவர் நீங்கள். உங்கள் பயம் நியாயமானது.

உங்கள் மகளின் பேச்சில் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன: படிப்பிக்கும் ஆசை, துறவற ஆசை. ஒரு நாள் ஆறுதலாக உட்கார வைத்து, "படிப்பிக்கக் கிடைக்காவிட்டாலும் மடத்தில் இருப்பாயா?" என்று கேளுங்கள். கன்னியர்கள், அதாவது சிஸ்டர்மார், ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்கு மூன்று வாக்குக் கொடுக்கிறார்கள், அதைத்தான் வார்த்தைப்பாடு என்பார்கள். கீழ்ப்படிதல் என்றால் அவர்களின் துறவறச் சபை அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம், முதியோர் இல்லத்துக்கும் அனுப்பலாம். அதற்கும் அவள் தயார் என்றால் இந்த ஆசைக்கு வேர் இருக்கிறது. தயங்கினால், அவளுக்கு வேண்டியது வகுப்பறைதான். அதற்கு மடம் தேவையில்லை.

அவளை இழுத்தது எது என்று ஊகிக்க முடிகிறது. இலங்கை மலையகத்தில் நான் பார்த்த சிஸ்டர்மார் பலர் பள்ளிக்கூட மணியோடு வேலையை முடிப்பதில்லை. பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) பூட்டியிருக்கிறது, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று ஒரு பிள்ளை இரண்டு நாள் வராமல் நின்றால், மூன்றாம் நாள் பின்னேரம் சிஸ்டர் அவர்கள் குடியிருக்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வந்து நிற்பார். தாயைத் திட்டமாட்டார். படியில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து, விட்டுப்போன கழித்தல் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் எழும்புவார். விடியும் முன் ஜெபம், பூசை, அப்புறம் பள்ளிக்கூடம், இரவில் விடுதிப் பிள்ளைகளின் படிப்பு நேரம் என்று ஓடும் ஒரு நாளுக்குள்தான் இதற்கும் நேரம் எடுக்கிறார். இப்படி ஒருவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அப்படியே ஆக ஆசைப்படுவதில் பிழையே இல்லை.

ஆனால் மடத்தில் சேர்ந்தவுடன் டீச்சராகிவிடலாம் என்று அவள் நினைத்தால் அதைத் திருத்த வேண்டும். திருக்குடும்பக் கன்னியர் என்ற சபையினர் 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலத்தில் மடமே பள்ளிக்கூடத்தை நடத்தியது. 1960-61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்த பிறகு பெரும்பாலானவை அரச பாடசாலைகளாகிவிட்டன. அரச பாடசாலையில் படிப்பிக்கிற சிஸ்டருக்கும் மற்ற ஆசிரியர்களைப் போலவே தகுதியும் நியமனமும் வேண்டும்.

இனி உங்களுடைய பெரிய பயம்: "ஒருமுறை போனால் திரும்பி வரவே முடியாதாமே?" அப்படி இல்லை. திருச்சபைச் சட்டப்படி 17 வயது முடியாமல் நவகன்னியர் பயிற்சியில், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சிக் காலத்தில், சேர்க்க முடியாது. அந்தப் பயிற்சி குறைந்தது 12 மாதம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக வீட்டுக்கு வரலாம். பிறகு கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடும் தற்காலிகமானதுதான். குறைந்தது மூன்று ஆண்டு அப்படி இருக்க வேண்டும், அந்தக் காலம் முடிந்ததும் விலகவும் உரிமை உண்டு. வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டை 21 வயதுக்கு முன் கொடுக்கவே முடியாது. வற்புறுத்திச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. போக வேண்டாம் என்று கட்டிப்போடுவதை விட, இந்தப் படிகளை அவளோடு சேர்ந்து தெரிந்துகொள்வது உங்களுக்கு நிம்மதி தரும்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேசுங்கள். அவள் சம்பளம் எடுத்தாலும் அது சபையின் பொதுப் பணத்துக்குத்தான் போகும். சின்னவனின் படிப்புக்கு அக்காவின் சம்பளத்தை நம்பியிருக்கிறீர்கள் என்றால், அதை இப்போதே அவளிடம் சொல்லுங்கள். "எங்களை விட்டுட்டுப் போறியே" என்று அழுது சொன்னால் அவள் காதில் குற்றம் சாட்டுவது மட்டும்தான் விழும். மாதச் செலவைக் கணக்குப் போட்டு முன்னால் வைத்தால் அவளும் யோசிப்பாள்.

இன்னொன்று, இதை நீங்கள்தான் அறிவீர்கள். லயக் காம்பராவின் நெருக்கடி, வீட்டில் குடிச் சண்டை, பிடிக்காத கல்யாணப் பேச்சு என்று ஏதாவது அவளைத் துரத்துகிறதா? அப்படியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தப்பி ஓடிப் போகிற இடமாக மடம் இருக்கக் கூடாது.

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். முதலில் ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு ஆண்டு கல்லூரியில், மூன்றாம் ஆண்டு பாடசாலையில் பயிற்சி, கையில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. உண்மையான இறையழைத்தல் மூன்று ஆண்டில் கெட்டுப்போகாது. நவகன்னியர் காலத்தில் வெளிப்படிப்பும் வெளிவேலையும் கூடாது என்பதால் படிப்பை முன்னுக்கு முடிப்பதே வசதி. பிறகு மடத்துக்குப் போனால் பயிற்சி பெற்ற ஆசிரியையாகப் போவாள், போகாவிட்டால் ஆசிரியர் சேவையில் இருப்பாள். நியமனம் கிடைத்தபின் சேவையை எப்படி விடுவது என்பதை மட்டும் சபையிடமும் வலயக் கல்வி அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இதற்கிடையில் லீவு நாட்களில் சபைகள் வைக்கும் இறையழைத்தல் முகாமுக்கு அவளை அனுப்புங்கள், தடுக்க வேண்டாம். முடிந்தால் நீங்களும் ஒரு நாள் கூடப் போய், அங்குள்ள வயதான சிஸ்டர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். "நோய் வருத்தம் வந்தால் யார் பார்ப்பார்கள், வீட்டுக்கு எப்போது விடுவார்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் அரசாங்க வர்த்தமானியில் வரும். வயதெல்லை உண்டு, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி (தரப்படுத்திய புள்ளி) பார்த்துத்தான் எடுப்பார்கள். உயர்தர முடிவு வந்ததும் பெறுபேற்றுத் தாளோடு இருவருமாக வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.