பாலின ஆய்வு படிக்க விரும்பும் பையனின் அம்மாவுக்கு

அம்மா, பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷத்தில் இருக்கும் உங்கள் மகன், அடுத்து பாலின ஆய்வில் எம்.ஏ. சேரப்போவதாகச் சொல்கிறான். அது பெண்பிள்ளைகள் படிக்கிற படிப்பாயிற்றே, இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள், பேசாமல் வங்கித் தேர்வு எழுதக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது, பையன்களுக்கும் இருக்கிறது. அவன் போக நினைக்கிற வழியைத்தான் கொஞ்சம் மாற்றச் சொல்வேன்.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு ஒரு திட்டம் போடும்போதே அது ஆணுக்கு எப்படிப் போய்ச் சேரும், பெண்ணுக்கு எப்படி, திருநருக்கு எப்படி என்று பார்ப்பது. 1995-இல் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. மகளிர் மாநாட்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட முறை இது. பெண்களுக்கென்று ஒரு துறை வைத்தால் மட்டும் போதாது. சாலை, பேருந்து, வீடு, மருந்து என எல்லாவற்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். மருந்தில் கூடவா என்பீர்கள். ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொல்லி 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. மாத்திரை சந்தைக்கு வந்து இருபது வருஷம் கழித்து!

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க எடுத்தது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், முந்தின நாள் அதிகாலை 4 மணி தொடங்கி 24 மணி நேரத்துக்கு, அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று தெரிந்தது. 2024 கணக்கெடுப்பில் 289, 88. இந்த எண்கள் லேசில் கிடைத்துவிடாது. 'வீட்டுல சும்மாதான் இருந்தேன்' என்று ஒரு அம்மா சொன்னால், அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும்போதே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த அரை மணியில் இரண்டையும் பதிய வேண்டும். வாசலில் நிற்கும் கணவர் குறுக்கே பதில் சொன்னால் பக்குவமாக விலக்கத் தெரிய வேண்டும். உங்கள் மகனுக்கு இதில் ஆர்வம் இருக்கிறது என்றால், அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. இந்தக் கேள்விகளைக் கேட்கும் ஆண்கள் இன்னும் போதாது.

இனி வழிக்கு வருவோம். அவன் எம்.ஏ. பொருளாதாரமே படிக்கட்டும், பாலினத்தை அதற்குள் எடுத்துக்கொள்ளட்டும். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பாலின ஆய்வுத் துறைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆசிரியப் பணிக்குப் போக நினைப்பவர்களுக்கு அது நேர் வழி, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் மகளிரியல் தனிப் பாடம். ஆனால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத முதுநிலையில் பொருளாதாரம் வேண்டும். பாலின ஆய்வில் எம்.ஏ. முடித்தால் அந்தக் கதவு அவனுக்கு மூடிவிடும். ஆராய்ச்சி நிறுவனங்களும், ஆள் எடுக்கும்போது, தரவைக் கையாளத் தெரியுமா என்றுதான் முதலில் பார்க்கின்றன.

2005-06 முதல் மத்திய பட்ஜெட்டோடு, பெண்களுக்கு எவ்வளவு பணம் போகிறது என்று காட்டும் பாலின பட்ஜெட் அறிக்கை வருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, குறைந்தது 30 சதவீதம் பெண்களுக்குப் போகிறவை இன்னொரு பகுதி. ஊரக வீட்டு வசதித் திட்டத்தின் தொகை பல ஆண்டுகள் முதல் பகுதியில் இருந்திருக்கிறது. கணவன், மனைவி இருவர் பேரிலும் பதிவாகும் வீட்டை முழுக்கப் பெண்ணுக்கான செலவு என்று எழுதலாமா? இப்படிக் கேட்கத் தெரிந்தவன் நிதித் துறையிலும் வேலை பார்க்கலாம், மாநிலத் திட்டக் குழுவிலும் பார்க்கலாம். பெருநகர சென்னை மாநகராட்சியிலேயே 2022-இல் பாலினக் கொள்கை ஆய்வகம் ஒன்று தொடங்கினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் ஆரம்ப வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று இருக்கும். சம்பளம் சுமார், அலைச்சல் அதிகம். வீட்டுக் கடன் அவன் தலையில் விழும் நிலை என்றால், வங்கித் தேர்வையும் கூடவே எழுதட்டும், தப்பே இல்லை. அப்படி இல்லையென்றால் ஒரு மூன்று நான்கு வருஷம் பொறுத்துப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் பொது நுழைவுத் தேர்வான சி.யூ.இ.டி. முதுநிலைத் தேர்வின் அறிவிப்பு ஆண்டுக் கடைசியை ஒட்டி வரும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் ஹைதராபாத்துக்கும் அதன் வழியாகவே பொருளாதாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குள் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நேரப் பயன்பாட்டுத் தரவை இறக்கி, தமிழ்நாட்டை மட்டும் பிரித்து, புள்ளிவிவரம் கையாளும் 'ஆர்' மென்பொருளில் ஒரு சின்ன அட்டவணை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள் அம்மா. உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவன் உங்களிடமும் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.