ஏழாவது பிரிவு – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குலசேகரத்துக்காரன். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை, சனி ஞாயிறு ஊரில். நானும் இரண்டு நண்பர்களும் ராத்திரிகளில் உட்கார்ந்து ஒரு கேம் செய்து வருகிறோம். விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகும் ஒரு அக்காவின் கதை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிடத்தான் நினைத்தோம். டெமோவைப் பார்த்துவிட்டு கொச்சியிலிருந்து, கேம்களுக்குப் பணம் போட்டு வெளியிடும் ஒரு பப்ளிஷர் கூப்பிட்டார்கள். 4 தவணையில் 40 லட்சம் தருகிறார்களாம். முதல் மீட்டிங்கில் 'இப்படியே செய்யுங்கள்' என்றவர்கள், இப்போது மொபைலிலும் வேண்டும், தினமும் உள்ளே வந்தால் பரிசு வேண்டும், எனர்ஜி தீர்ந்தால் காத்திருக்க வைக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்று பட்டியல் அனுப்புகிறார்கள். இரண்டு மாதமாக இதே சண்டை.

எக்செல் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் அண்ணே. படைப்பாளிக்கும் வியாபாரிக்கும் ஒத்தே வராதா? தினப் பரிசைச் சேர்த்தால் அது என் கலைக்குச் செய்யும் துரோகமா? தமிழில் மட்டும் வெளியிட்டால் விற்குமா? ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன். 22 பக்கம், எல்லாம் வக்கீல் பாஷை. முழுசாகப் படிக்கவில்லை. இன்னும் கையெழுத்துப் போடவும் இல்லை.

எஸ்.,
குலசேகரம்

அன்புள்ள எஸ்.,

டெமோவை ஆடிப் பார்த்தேன். உள்பட்டையில்தான் பால் அதிகம். ஆனால் தண்டைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே கத்தி நின்றுவிட வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் சிரட்டை நிறையாது, கூடுதலாக இறங்கினால் மரம் காயம்பட்டு முடிச்சு விழும். இதைத்தான் நீங்கள் ஆட்டமாக ஆக்கியிருக்கிறீர்கள். அளவு காட்டும் கோடு திரையில் கிடையாது, பட்டை சீவும் சத்தத்தை வைத்தே ஆழத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாலாவது மரத்தில் என் காது பழகிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தால், முன்பு காயப்படுத்திய மரம் அப்படியே காயத்தோடு நிற்கிறது. தம்பி, இது அபூர்வமான வேலை. இதை யாரும் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதே கையோடு திட்டவும் வேண்டியிருக்கிறது. எனர்ஜி மீட்டருக்காக இரண்டு மாதம் சண்டை போட நேரம் இருந்த உங்களுக்கு 22 பக்கம் படிக்க நேரம் இல்லையா? நான் படித்தேன். உங்கள் கேமுக்கு வரும் ஆபத்து ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் இருக்கிறது. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

படைப்பாளி நல்லவன், அதிகாரி கெட்டவன் என்ற கதையை முதலில் விடுங்கள். 1979இல் அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் நான்கு புரோகிராமர்கள், டேவிட் கிரேன், ஆலன் மில்லர், லாரி கப்லன், பாப் வொயிட்ஹெட், தலைவர் ரே கசாரிடம் போய் நின்றார்கள். கசார் துணி ஆலைத் தொழிலிலிருந்து வந்தவர். கேட்ரிட்ஜில் எங்கள் பெயர் வேண்டும், விற்பனையில் சிறு பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பொருளைப் பெட்டியில் அடைப்பவர்களைவிட உங்கள் பங்கு ஒன்றும் பெரிதில்லை என்ற விதமாகப் பதில் கிடைத்ததாகக் கிரேன் பின்னாளில் சொன்னார். நால்வரும் வெளியேறினார்கள். அவர்கள் உருவாக்கியதுதான் ஆக்டிவிஷன். அங்கே செய்தவர் பெயர் அட்டையிலேயே வந்தது.

அதே ஆக்டிவிஷன் 2010 மார்ச்சில், மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேம் வெளியாகி நான்கு மாதத்தில், அதைச் செய்த இன்ஃபினிட்டி வார்டு ஸ்டுடியோவின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட்டையும் வின்ஸ் சம்பெல்லாவையும் வெளியேற்றியது. ராயல்டி கைக்கு வரவிருந்த நேரத்தில் துரத்தினார்கள் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். இவர்கள் ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றது நிறுவனம். 2012இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரின் மனக்குறை சுமார் முப்பது வருஷத்தில் அதே நிறுவனத்தின் இன்னொரு தலைமுறைக்கு வந்துவிட்டது. ஆள் நல்லவனா கெட்டவனா என்பதை வைத்து இதை விளக்க முடியாது. அந்த நாற்காலியில் உட்காருபவர் கையில் எந்தத் தாள் இருக்கிறதோ, அந்தத் தாள்தான் பேசும்.

ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற 2010 கேமை ஆப்சிடியன் ஸ்டுடியோ செய்தது. மொத்தத் தொகை, ராயல்டி கிடையாது, விமர்சனங்களின் சராசரியைக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 மதிப்பெண் வந்தால் மட்டும் போனஸ். வந்தது 84. ஒரு மதிப்பெண்ணில் போனஸ் போயிற்று. பப்ளிஷரான பெதஸ்டா எழுதிய தாளின்படி நடந்தது, அவ்வளவுதான். விமர்சகர்களின் சராசரி எண்ணில் தன் கூலியைக் கட்டிவைக்கச் சம்மதித்த கையெழுத்துதான் அங்கே தோற்றது. சமீபத்தில் சப்நாட்டிகா 2 என்ற கேம் விஷயத்திலும் இதே வேர். கிராஃப்டன் என்ற நிறுவனம் அதைச் செய்யும் ஸ்டுடியோவை 2021இல் 50 கோடி டாலருக்கு வாங்கியபோது, இலக்கை எட்டினால் இன்னும் 25 கோடி டாலர் வரை தருவதாக எழுதியது. 2025 ஜூலையில் நிறுவனர்கள் உள்ளிட்ட ஸ்டுடியோ தலைவர்களை நீக்கியது. வேலையைக் கைவிட்டார்கள் என்றது நிறுவனம். அந்தப் பணத்தைத் தராமல் இருக்கத்தான் இது என்றார்கள் நிறுவனர்கள். விவகாரம் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போனது. உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இனி ஏழாவது பிரிவு. வருமானத்தில் உங்களுக்கு 50, அவர்களுக்கு 50 என்று முதல் வரி சொல்கிறது. நீங்கள் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த வரி: கொடுத்த 40 லட்சமும் விளம்பரச் செலவும் 'டெவலப்பரின் பங்கிலிருந்து' கழிக்கப்படும். இந்த ஒரு தொடரின் விலை என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி எல்லாம் போக ஒரு பிரதி சராசரி 400 ரூபாய்க்கு விற்கிறது என்று வைப்போம். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்ததும் விற்பனை வரியுமாக 15 சதவீதம் போனால் 340. அதில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 238 ரூபாய். விளம்பரத்துக்கு 20 லட்சம் செலவு என்றால் அவர்கள் மீட்க வேண்டியது மொத்தம் 60 லட்சம்.

மொத்த நிகர வருவாயிலிருந்து மீட்பதாக எழுதியிருந்தால், சுமார் 25,210 பிரதியில் கடன் அடையும். அடுத்த பிரதியிலிருந்து உங்களுக்குப் பாதி. 'டெவலப்பரின் பங்கிலிருந்து' என்று எழுதினால், ஒவ்வொரு பிரதியிலும் 119 ரூபாயை அவர்கள் தங்கள் பங்காக முதலில் எடுத்துக்கொள்வார்கள், உங்கள் 119 ரூபாய் மட்டும்தான் கடனுக்குப் போகும். அடைய சுமார் 50,420 பிரதி விற்க வேண்டும். அந்த இடத்தில் அவர்கள் கையில் 1 கோடியே 20 லட்சம்: போட்ட 60, லாபம் 60. உங்களுக்கு அட்வான்ஸ் தவிர ஒரு ரூபாய் வந்திருக்காது. முதல் முறையில் அதே 50,420 பிரதிக்கு உங்களுக்கு 30 லட்சம் வந்திருக்கும். மூன்று பேருக்கு ஆளுக்கு 10 லட்சம். எனர்ஜி மீட்டரை எடுக்கச் சொல்லி ஜெயித்தாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

இதைவிட மோசம், விளம்பரச் செலவுக்கு அதில் உச்சவரம்பே இல்லை. 'நியாயமான செலவுகள்' என்று மட்டும் இருக்கிறது. அவர்கள் கூடுதலாகச் செலவு எழுதும் ஒவ்வொரு 2 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் நீங்கள் 2,000 பிரதி கூடுதலாக விற்றாக வேண்டும். ஆகவே தொகையை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர்களுடைய ஊழியர் சம்பளம், விமான டிக்கெட், கண்காட்சி ஹோட்டல் பில் இதில் சேரக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீம் அறிக்கையின் மூலப் பிரதியோடு கணக்கு வர வேண்டும். வருஷத்தில் ஒருமுறை உங்கள் ஆடிட்டர் கணக்கைப் பார்க்கலாம், 5 சதவீதத்துக்கு மேல் குறைவு தெரிந்தால் ஆடிட்டர் கூலி அவர்களுடையது. இதெல்லாம் பப்ளிஷர்கள் ஒத்துக்கொள்கிற விஷயங்கள்தான். கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

மொத்த வருவாயிலிருந்து மீட்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தால், மீட்கும் காலத்தில் அவர்களுக்கு 80, உங்களுக்கு 20 என்று கேளுங்கள். முதல் பிரதியிலிருந்தே உங்களுக்கு 47 ரூபாய் 60 காசு. மீதி 80 முழுக்கக் கடனுக்குப் போவதால் சுமார் 31,500 பிரதியில் அடைந்துவிடும். அதற்குள் உங்களுக்கு 15 லட்சம் வந்திருக்கும். வெளியான முதல் வருஷம் பிழை திருத்தி அப்டேட் போட அந்தப் பணம்தான் சோறு.

தவணை விஷயம் சுருக்கமாக. 'பப்ளிஷரின் திருப்திக்கு ஏற்ப' முடித்தால் அடுத்த 10 லட்சம் என்று இருக்கிறது. திருப்தியை யார் அளப்பது? 6 தோட்டங்கள் ஆடும் நிலையில் இருக்க வேண்டும், 4 ஜிபி நினைவகம் உள்ள போனில் நொடிக்கு 30 பிரேம் ஓட வேண்டும், 30 நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும் என்று அளக்கக்கூடியதாக மாற்றுங்கள். 10 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்றும் சேருங்கள். மூன்று பேரும் வேலையை விட்டால் மாதம் எவ்வளவு செலவு என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. எக்செல் தெரிந்தவர்களைத் திட்டுகிறவர் தன் மாதச் செலவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாதம் 1 லட்சத்து 80 ஆயிரம் என்றால் ஆறு வார இழுத்தடிப்பில் 2 லட்சத்து 70 ஆயிரம் காணாமல் போகும். பல சிறு ஸ்டுடியோக்கள் கதவை மூடுவது இந்த இடைவெளியில்தான்.

இரண்டு பேர் ஆடும் வசதிக்கு 'முடியாது' என்று கோபமாகச் சொல்ல வேண்டாம், விலை சொல்லுங்கள். உங்கள் கேமில் மரத்தின் காயம், பாலின் அளவு எல்லாம் ஒரே கணினியில் கணக்காகிறது. இரண்டு பேர் என்றால் எந்தக் கணினி சொல்வது உண்மை என்று முதலில் முடிவாக வேண்டும். கத்தியின் ஆழமும் சத்தமும் நெட்வொர்க் தாமதத்தோடு ஒத்துப்போக வேண்டும். சேமிப்புக் கோப்பை மாற்ற வேண்டும், சோதனை வேலை பெருகும். பாதிக் கட்டிடத்தில் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை இது. எத்தனை மாதம், எத்தனை லட்சம் என்று எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தத்துக்குப் பின் கேட்கும் எந்த மாற்றத்துக்கும் கூடுதல் நாளும் கூடுதல் பணமும் எழுத்தில் வந்த பிறகே வேலை தொடங்கும் என்று ஒரு பிரிவு போடுங்கள். பட்டியல் தானே சுருங்கும்.

உரிமை. கேமின் பெயர், புரோகிராம் கோடு, படங்கள் எல்லாம் அவர்களுக்கு உலகம் முழுவதும், என்றென்றைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அது தெரிந்துதான் இரண்டையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். உரிமையை உங்களிடம் வைத்துக்கொண்டு, 5 அல்லது 7 வருஷத்துக்கு வெளியிடும் உரிமம் மட்டும் கொடுங்கள். அவர்கள் பாதியில் கைவிட்டால் எல்லாம் உங்களுக்கே திரும்ப வேண்டும். ஸ்டீம் பக்கம் யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட்டும் விமர்சனங்களும் அந்தப் பக்கத்தோடுதான் இருக்கும்.

நீங்கள் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயம். இசை உங்கள் மாமா மகனுடையது என்று டெமோவின் கடைசித் திரையில் பார்த்தேன். எழுத்தில் வாங்காதவரை அந்த இசை அவருடைய சொத்து, எல்லாம் எங்களுடையது என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்க முடியாது. ஒரு பக்கத்தில் எழுதி, அவருக்குரிய பணத்தையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர்தானே என்று விடாதீர்கள். அடுத்தது, டெக்னோபார்க் வேலையின் நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலைக் காலத்தில் செய்ததெல்லாம் நிறுவனத்துக்கே என்று அதில் இருந்தால் முதலில் அவர்களிடம் எழுத்தில் விலக்கு வாங்க வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரி கோடுகூட எழுதாதீர்கள்.

தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் விசாரணை என்று ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. குலசேகரத்திலிருந்து சிங்கப்பூர் போய் வழக்காட உங்களால் முடியாது, அது அவர்களுக்கும் தெரியும். திருவனந்தபுரம் அல்லது கொச்சி என்று மாற்றுங்கள், இந்தியச் சட்டம் என்றும் எழுதச் சொல்லுங்கள். குழித்துறை கோர்ட்டில் பாகப்பிரிவினை பார்க்கும் வக்கீலிடம் இதைக் கொண்டுபோக வேண்டாம். பதிப்புரிமை ஒப்பந்தம் பார்க்கும் ஒருவரைத் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ பிடியுங்கள்.

தமிழில் விற்குமா என்ற கேள்விக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். வசனம் தமிழில் இருக்கட்டும், கீழே எழுத்து பத்து மொழியில் வரட்டும்.

தினப் பரிசு. பப்ளிஷரின் அதிகாரி இதை முட்டாள்தனத்தால் கேட்கவில்லை. இலவச மொபைல் கேமில் விளம்பரம் மூலம் ஒருவரை உள்ளே கொண்டுவர 20 ரூபாய் ஆகி, அவரிடமிருந்து மொத்தமாக 12 ரூபாய் வந்தால், ஒவ்வொரு டவுன்லோடிலும் 8 ரூபாய் நஷ்டம். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று அவர் பார்ப்பதும், பரிசு வைப்பதும் அதனால்தான். உங்களுடையது ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆறு மணி நேரத்தில் முடிக்கும் கேம். அவருடைய கணக்கு இதற்குப் பொருந்தாது. கலை என்று வாதாடாமல் இதையே அவரிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். ஸ்டீம் பதிப்பில் தினப் பரிசு வேண்டாம். மொபைல் வேண்டுமென்றால் அது தனி ஒப்பந்தம், அவர்கள் செலவு, வெளியிடும் முன் உங்கள் எழுத்துச் சம்மதம். ஆனால் ஏழாவது பிரிவு திருந்தும்வரை மொபைல் பேச்சை எடுக்காதீர்கள். திருத்திய நகல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்
அண்ணன்