ரூம் டேட்டாபேஸ் ஃபைலைக் கணினியில் திறந்தால் கடைசியாகப் போட்ட பில்கள் மட்டும் இல்லையே, ஏன்?

ரூம் என்ற ஆண்ட்ராய்டு டேட்டாபேஸ் லைப்ரரியை வைத்து எழுதிய உங்கள் ஆப்பில் பில் திரையில் தெரிகிறது, ஆப்பை மூடித் திறந்தாலும் இருக்கிறது, ஆனால் ஃபைலைக் கணினிக்கு எடுத்து டிபி பிரவுசர் என்ற டேட்டாபேஸ் பார்க்கும் மென்பொருளில் பார்த்தால் மட்டும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பில்லைச் சேர்க்கும் உங்கள் இன்செர்ட் கட்டளை சரியாகத்தான் வேலை செய்கிறது. எடுத்துவந்த ஃபைல்தான் முழுசாக இல்லை.

ரேம் குறைவான போன்களைத் தவிர மற்றவற்றில் ரூம் தனக்கு அடியில் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸைத் தானாகவே டபிள்யூஏஎல் (ரைட்-அஹெட் லாக், அதாவது முதலில் தனியாகக் குறித்துவைக்கும்) முறையில் ஓட்டும். புதிதாக எழுதுவது முதலில் அதே பெயருடன் டபிள்யூஏஎல் என்று ஒட்டியிருக்கும் பக்கத்து ஃபைலுக்குப் போகும். செக்பாயின்ட் என்ற சேர்ப்பு வேலை நடக்கும்போதுதான் பிரதான ஃபைலில் ஏறும். நாள்சிட்டையில் குறித்துவிட்டு அப்புறம் பேரேட்டில் ஏற்றும் கடைக்கணக்கு மாதிரி. நீங்கள் பேரேட்டை மட்டும் தூக்கி வந்திருக்கிறீர்கள். எஸ்க்யூலைட்டின் இயல்பான அளவு அந்தப் பக்கத்து ஃபைலில் 1000 பக்கங்கள் (எஸ்க்யூலைட் எழுதும் சிறு துண்டுகள்) சேர்ந்தால் ஒரு செக்பாயின்ட். ஆண்ட்ராய்டு அதை 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஒரு பக்கம் 4096 பைட் என்றால் சுமார் 400 கேபி. சின்ன ஆப்பில் அதுவே சேர நேரமாகும். டேட்டாபேஸுக்கான கடைசி இணைப்பு முறையாக மூடப்பட்டாலும் செக்பாயின்ட் நடக்கும்தான், ஆனால் ஆப்பை ஸ்வைப் செய்து தள்ளும்போது யார் டேட்டாபேஸை மூடுகிறார்கள்?

ஆகவே ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்துவிட்டு, ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) ரன்-ஆஸ் கட்டளை மூலம் ஆப்பின் டேட்டாபேஸஸ் ஃபோல்டருக்குப் போய், பிரதான ஃபைல், டபிள்யூஏஎல் ஃபைல் இரண்டையும் பெயர் மாற்றாமல் ஒரே இடத்தில் நகலெடுங்கள். எஸ்எச்எம் என்று முடியும் மூன்றாவது ஃபைல் வராவிட்டாலும் பரவாயில்லை, எஸ்க்யூலைட் அதை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். கணினியில் திறந்து மூடியதும் டபிள்யூஏஎல் ஃபைல் காணாமல் போனால் பதற வேண்டாம், உள்ளே இருந்தது பிரதான ஃபைலில் சேர்ந்துவிட்டது. ஆனால் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று போனில் அதை நீங்களாக அழித்தால் பில்கள் போயே போய்விடும்.

ஆப்புக்குள்ளேயே பேக்கப் வசதி வைக்கிறீர்கள் என்றால், நகலெடுக்கும் முன் செக்பாயின்ட் பிராக்மாவை (எஸ்க்யூலைட்டுக்கான தனிக் கட்டளை) ட்ரன்கேட் என்று கொடுத்து ஓட்டுங்கள். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதைக் குவெரியாக அனுப்ப வேண்டும். அனுப்பினால் போதாது, பதிலாக வரும் கர்சரை (விடை வரிகளைப் படிக்கும் பொருள்) முதல் வரிக்கு நகர்த்தவும் வேண்டும். கர்சரைத் தொடாதவரை ஆண்ட்ராய்டு அந்தக் குவெரியை ஓட்டவே ஓட்டாது.

சும்மா பார்ப்பதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. 2020இல் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 4.1இல் வந்த டேட்டாபேஸ் இன்ஸ்பெக்டர் போதும். இப்போது ஆப் இன்ஸ்பெக்‌ஷன் பகுதிக்குள் இருக்கிறது. போனில் ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஆப் டீபக் பில்டாக (சோதனைக்கான வடிவம்) இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் வழியாகவே படிப்பதால் டபிள்யூஏஎல் குழப்பமே வராது. ஒரு கட்டத்தை டபுள் கிளிக் செய்து மதிப்பை மாற்றி என்டர் தட்டினால், தரவு மாறியதும் திரைக்குத் தெரிவிக்கும் ஃப்ளோ அல்லது லைவ்டேட்டாவை நீங்கள் பயன்படுத்தியிருந்தால், திரையும் உடனே மாறும். காலிப் பட்டியல், எதிர்மறைத் தொகை மாதிரியானவற்றைச் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. டேட்டாபேஸைக் குறியாக்கம் செய்யும் எஸ்க்யூஎல்சைஃபர் போட்டிருந்தால் மட்டும் பயன்படாது. இன்ஸ்பெக்டர் ஆண்ட்ராய்டோடு வரும் எஸ்க்யூலைட்டை மட்டுமே படிக்கும்.

நீங்கள் அனுப்பிய கோடில் டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் வரி இருப்பதைப் பார்த்தேன். ரிலீஸ் செய்யும் முன் எடுத்துவிடுங்கள். டேட்டாபேஸின் வெர்ஷன் எண்ணை ஏற்றி, பழைய டேபிள்களைப் புது அமைப்புக்கு மாற்றும் மைக்ரேஷனை எழுத மறந்தால், ரூம் சத்தமில்லாமல் எல்லா டேபிளையும் அழித்துப் புதிதாக உருவாக்கும். அந்த வரி இல்லையென்றால் ஆப் கிராஷ் ஆகும். சர்வரில் நகலே இல்லாத பில்களுக்கு கிராஷ் எவ்வளவோ மேல்.

பழைய பில்களை அழித்தும் ஃபைல் அளவு குறையவில்லை என்று கேட்டதற்கு: ஆண்ட்ராய்டோடு வரும் எஸ்க்யூலைட் முழுதும் காலியான பக்கங்களைத் தானாகவே வெட்டிவிடும், ஆனால் டபிள்யூஏஎல் முறையில் செக்பாயின்ட் நடக்கும்வரை பிரதான ஃபைல் சுருங்காது, பாதி காலியான பக்கங்களும் அப்படியே இருக்கும். வேக்யூம் என்ற கட்டளையை ஓட்டினால் இன்னும் சுருங்கலாம், ஆனால் ஃபைல் முழுவதையும் திருப்பி எழுதுவதால் போனில் அதற்குத் தனியாக இடம் வேண்டும். டிரான்ஸாக்‌ஷனுக்குள் (பல மாற்றங்களை ஒன்றாகச் செய்யும் தொகுப்பு) ஓடாது. தினமும் புதுப் பில் சேரும் ஆப்பில் நான் அதைத் தொடவே மாட்டேன்.