கடைத்தெரு கேள்வி-பதில்: அதே பாட்டு, வேறு நீளம்

கேள்வி: எண்பதுகளில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் ஈ.பி. ரெக்கார்டை (நாலு பாட்டு வரும் சின்னத் தட்டு) 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மதுரை தங்கம் தியேட்டரில் கேட்டபோது இருந்த ஆரம்ப வசனமும் கடைசிச் சரணமும் இதில் இல்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்)

பதில்: ஏமாற்றவில்லை ஐயா. தியேட்டரில் கேட்டது படத்துக்கான பாட்டு, வாங்கியது ரெக்கார்டுக்கான பாட்டு. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு ஓடிய காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். அதற்கு மேல் போகும் பாட்டை இரண்டு பக்கமாக வெட்டிப் போடுவார்கள். பாதியில் எழுந்து போய்த் தட்டைப் புரட்டி, ஊசியை வைத்து மீதியைக் கேட்க வேண்டும். ஈ.பி.யில் இடம் கூடியது, ஆனாலும் நான்கு பாட்டை அடைக்க வேண்டுமென்றால் எங்காவது கத்தரி விழத்தான் செய்யும். தலைகீழாகவும் நடந்திருக்கிறது: படத்தில் ஒரு சரணமே போயிருக்கும், ரெக்கார்டில் முழுசாக இருக்கும். வசனம்தான் வேண்டுமென்றால் படத்தின் டிவிடியைத் தேடுங்கள். 1,800 அதிகமா என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

கேள்வி: பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் 300 ரூபாய்க்கு 5,000 பாட்டு உள்ள பென்டிரைவ் வாங்கினேன். பாதிப் பாட்டு முதல் சரணத்தோடு நின்றுபோகிறது, பல பாட்டு இரண்டு தடவை இருக்கிறது. புகார் கொடுக்கலாமா?
(ஆட்டோ ஓட்டுநர், ஆரப்பாளையம்)

பதில்: திருட்டுப் பாட்டுக்கு ரசீது கிடையாது. பென்டிரைவை அழித்துவிட்டு வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பரிசாக, 'த டோர்ஸ்' குழுவின் 'லைட் மை ஃபயர்' பழைய சிங்கிள் ரெக்கார்டு (பக்கத்துக்கு ஒரு பாட்டு வரும் சின்னத் தட்டு) வாங்கினேன். போனில் ஏழு நிமிஷம் ஓடும் பாட்டு இதில் மூன்று நிமிஷத்துக்குள் முடிகிறது. நடுவில் வரும் ஆர்கன் வாசிப்பே இல்லை. தட்டில் கோளாறா?
(இல்லத்தரசி, கே.கே.நகர்)

பதில்: கோளாறு இல்லை. நீங்கள் கேட்டு வாங்கியது சிங்கிள், வந்திருப்பதும் சிங்கிள்தான். 1967-ல் ஆல்பத்தில் ஏழு நிமிஷம் ஓடிய அந்தப் பாட்டை, ரேடியோக்காரர்கள் போட வேண்டும் என்பதற்காக ஆர்கன், கிடார் தனி வாசிப்புகளைக் கத்தரித்து விட்டார்கள். தட்டில் இடமில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷமே பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' ஏழு நிமிஷத்துக்கு மேல் அதே ஏழு அங்குலத் தட்டில் வந்து விற்றுத் தீர்ந்தது. அந்தத் தட்டின் மறுபக்கம் 'ரெவல்யூஷன்', கிடார் கிழிகிற வேகத்தில். ஆல்பத்தில் அதே பாட்டு மெதுவாக, ஊதுகருவிகளோடு, வேறு ஆளாக உட்கார்ந்திருக்கும். அதே குழுவின் 'லவ் மீ டூ'வில் 1962-ல் முதலில் வந்த சிங்கிளில் டிரம்ஸ் அடித்தது ரிங்கோ ஸ்டார், ஆல்பத்தில் ஆண்டி ஒயிட். 'லெட் இட் பி'யில் கிடார் வாசிப்பே மாறும். இவற்றில் எது அசல் என்று கேட்டால், எல்லாமே அசல். அதனால்தான் வாங்கும்போது எந்த அசல் என்று கேட்க வேண்டும்.

இங்கே என் பழைய வயிற்றெரிச்சல் ஒன்றைக் கொட்டிக்கொள்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடாமல் விற்க முடியாது. பாட்டை மட்டும் எத்தனை நிமிஷம் என்று சொல்லாமல் விற்கிறார்கள். பழைய ரெக்கார்டு விற்கும் ஆன்லைன்காரர்கள் அட்டையை நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடுவார்கள். லேபிளைத் தெரிகிற மாதிரி எடுக்க மட்டும் கை வராது. நேரமும் வரிசை எண்ணும் லேபிளில்தானே இருக்கிறது? டவுன்ஹால் ரோடு பக்கம் நான் பாட்டு பதியக் கொடுத்த ரெக்கார்டிங் சென்டர் அண்ணன், நீங்கள் கொடுக்கும் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் 4.10, 5.25 என்று எழுதிக் கூட்டுவார். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது. 'தம்பி, கடைசிப் பாட்டு பல்லவியோட நிக்கும், வேற சின்னப் பாட்டு சொல்லுங்க' என்பார். இருபது ரூபாய் வேலைக்கு அவ்வளவு கணக்கு. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறவருக்கு லேபிளைப் படம் எடுக்க நேரமில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் அம்மா. அந்தத் தட்டை மகளிடம் கொடுங்கள், சிங்கிள் சேர்க்கிறவர்களுக்கு அதுதான் பொக்கிஷம்.

கேள்வி: ஒரு படத்தின் சிங்கிள் வந்ததும் ஆப்பில் சேமித்தேன். ஆல்பம் வந்த பிறகு அதே பாட்டு இரண்டு இடத்தில் நிற்கிறது. எதை வைத்துக்கொள்ள?
(கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்)

பதில்: இரண்டின் நேரத்தையும் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ஆல்பத்தில் இருப்பது போதும். இதற்கு ஒரு கடிதமா தம்பி?

கேள்வி: மைக்செட் வைத்துப் பிழைக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு வேண்டும் என்று, பழைய ரெக்கார்டு வியாபாரி ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் படம் பார்த்து 9,000 ரூபாய்க்கு எல்.பி. தட்டுகள் (நிறையப் பாட்டு வரும் பெரிய தட்டுகள்) வாங்கினேன். 'ஒரிஜினல் சினிமா பாட்டு' என்றார். அட்டை மட்டும்தான் அந்தப் படங்களுடையது. உள்ளே வேறு யாரோ பாடிய தட்டுகள். 'நோ ரிட்டர்ன்' என்று சொல்லி என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.
(மேலூர் பக்கத்து வாசகர்)

பதில்: அண்ணே, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அட்டையைக் காட்டி வேறு சரக்கை அனுப்புவது பச்சை மோசடி. நானும் ஒரு கண்காட்சியில், பெரிய பாடகர் படம் போட்ட சிடி தொகுப்பை ஆசையாக வாங்கி, வீட்டுக்கு வந்த பிறகுதான் மூலையில் கடுகளவு எழுத்தில் 'கவர் வெர்ஷன்', அதாவது வேறு யாரோ திரும்பப் பாடியது, என்று இருந்ததைப் படித்தேன். அதில் எழுத்தாவது இருந்தது, உங்களுக்கு அதுவும் இல்லை.

வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். அவர் அனுப்பிய படங்கள், பணம் போட்ட ரசீது, பார்சல் உறை, தட்டின் லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 'தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். 'நோ ரிட்டர்ன்' என்ற பூச்சாண்டி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

கேள்வி: கேட்காமலே காலர் ட்யூன் வந்து மாதாமாதம் பணம் போகிறது. அதுவும் பாட்டில் முப்பது விநாடிதான் வருகிறது.
(வாசகி, வாடிப்பட்டி)

பதில்: 155223-க்கு அடித்து நிறுத்துங்கள். கேட்காமல் போட்டதற்குப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு, உங்கள் நிறுவனத்தில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 78 தட்டுகள் இருபது இருக்கின்றன. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெட்டி மாதிரி மூடித் தூக்கிப் போகும் சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: 78 வேகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், எல்.பி.க்கான ஊசியால் 78 தட்டை ஓட்டாதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்குத் தனி ஊசி உண்டு. சூட்கேஸ் பிளேயர் ஒன்று என் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. ஊசி கனமாக அழுத்தி, இரண்டு நல்ல எல்.பி.யைத் தேய்த்துவிட்டு ஓய்வெடுக்கிறது. தட்டுகளைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 78 என்பது அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகிவிடும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.